அறுபது வெள்ளி ஆல்பம், முந்நூற்றைம்பது வெள்ளி ஆல்பம்: பயனீட்டாளர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஸ்கிராப்புக் ஆல்பம் பற்றியவை. நம் சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தையில் (2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள், என் வாய்க்கு இன்னும் பழகவில்லை) வீட்டிலிருந்தே ஆல்பம் செய்து விற்கும் பெண்பிள்ளைகள் கூடிவிட்டார்கள் போலிருக்கிறது. நல்லதுதான்.

அக்கா, தை மாதம் அப்பாவுக்கு அறுபது நிறைகிறது. அறுபதாம் கல்யாணமும் வேலை ஓய்வும் ஒன்றாக வருகின்றன. பிள்ளைகள் நாலு பேரும் சேர்ந்து கையால் செய்த ஆல்பம் ஒன்று கொடுக்க ஆசை. முகநூலில் விசாரித்தால் ஒருவர் 60 வெள்ளி (ரிங்கிட்), ஒருவர் 180, இன்னொருவர் 350 என்கிறார். மூன்றும் இருபது பக்கம்தான். இதில் யார் ஏமாற்றுகிறார்? — தென்னமரம் தோட்டத்துப் பக்கம் ஒரு வாசகி

யாரும் ஏமாற்றாமலும் இருக்கலாம். கூலிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வெட்டி, ஒட்டி, எழுதி முடிக்க, கை பழகியவருக்கே பக்கத்துக்கு அரை மணி நேரம் பிடிக்கும். இருபது பக்கத்துக்குப் பத்து மணி நேரம். மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கணக்கில் 8 வெள்ளி 17 சென். ஆகக் கூலி மட்டுமே 81 வெள்ளி 70 சென். கெட்டித் தாள், அட்டை, படம் கழுவும் செலவு, ரிப்பன் எல்லாம் அதற்கு மேல். அப்புறம் 60 வெள்ளிக்கு எப்படிக் கட்டுப்படியாகும்? ஒன்று, அச்சடித்து வந்த பக்கங்களில் ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறார். அதில் தப்பில்லை, ஆனால் அதற்குக் ‘கைவேலை’ என்று பெயர் வைக்கக்கூடாது. இல்லையென்றால் அந்தப் பிள்ளை தன் உழைப்பைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அப்படிப்பட்டவர் தீபாவளி நேரத்தில் ஆர்டர் குவிந்ததும் திணறிப்போய் உங்கள் போனை எடுக்கமாட்டார்.

350 வெள்ளிக்காரர் பெட்டியைத் திறந்தால் விரியும் மடிப்புகள், குட்டி விளக்கு என்று சேர்த்திருப்பார். 21ஆம் பிறந்தநாளுக்கு அது பொருத்தம். அறுபது வயது மனிதர் மடியில் வைத்துப் புரட்டுவதற்கு அது தோதுப்படாது. விரியும் மடிப்புதான் முதலில் கிழியும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 180 வெள்ளிக்காரரிடமே பேசுவேன். கைக்கு அது அதிகம் என்றால் பக்கத்தைப் பன்னிரண்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள், தாளின் தரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். தாளின் கனம் சதுர மீட்டருக்கு 200 கிராமுக்குக் குறையக்கூடாது. அமிலம் இல்லாத தாளா என்று கேளுங்கள். சாதாரணத் தாள் நாள்பட மஞ்சளாகி, ஒட்டிய படத்தையும் கெடுக்கும். பக்கங்களைச் சேர்த்துக் கட்டும் முதுகில் எவ்வளவு இடம் விடுகிறார் என்பதையும் பாருங்கள். படமும் அலங்காரமும் ஏற ஏறப் பக்கம் தடிக்கும். முதுகு ஒடுக்கமாக இருந்தால் ஆல்பம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். வளையம் கோத்த ஆல்பத்தில் இந்தத் தொல்லை குறைவு.

இன்னொன்று, தமிழ் எழுத்து. கணினியில் வடிவமைக்கும்போது சில செயலிகளில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடும். மணிவிழா ஆல்பத்தில் அப்பா பெயரே உடைந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். வந்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை, எல்லாருடைய கண்ணும் அதில்தான் இருந்தது. அச்சுக்குப் போகும் முன் மாதிரியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

படத்துக்குக் கீழே போடும் வரிகளை மட்டும் விற்பவரிடம் விடாதீர்கள். விட்டால் பன்னிரண்டு பக்கத்திலும் ‘அன்புள்ள அப்பா’தான் இருக்கும். 1917இல் பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோக்கொனியே இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உங்கள் தென்னமரத்தில்தான் போட்டார் என்பதை யார் வேண்டுமானாலும் தேடி எடுத்துவிடலாம். அப்பா தோட்டத்தில் எந்த லயத்து வீட்டில் பிறந்தார், காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தார், அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் அவர் தோளில் கை போட்டு நிற்பது யார்? இதெல்லாம் அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிவிடுங்கள்.

ஆல்பம் செய்பவர் பழைய படங்களைக் கொண்டுவந்து கொடுக்கச் சொல்கிறார். எல்லாம் அம்மா வைத்திருந்த ஒட்டும் பிளாஸ்டிக் ஆல்பத்தில் இருக்கின்றன. கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். பல வருடங்களுக்கு முன் என் அம்மாவின் கல்யாணப் படத்தைப் பெரிதாக்க ஒரு கடையில் கொடுத்தேன். பெரிதாக்கிய படம் வந்தது, அசல் வரவில்லை. மன்னிப்பும் பத்து வெள்ளித் தள்ளுபடியும் கிடைத்தன.

நீங்களே ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். அதே அளவில் போடுவதென்றால் 300 டிபிஐ போதும், பெரிதாக்குவதென்றால் 600. புலனத்தில் (வாட்ஸ்அப்) சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித் தரம் இழக்கும், ஆவணமாக அனுப்புங்கள். அந்த ஒட்டும் ஆல்பங்களின் பசை காலப்போக்கில் இறுகி மஞ்சளடிக்கும். படத்தைப் பிய்த்து இழுக்காதீர்கள். பல் இடுக்கில் விடும் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெதுவாக அறுத்தபடி வாருங்கள். அசையாவிட்டால் ஆல்பத்தோடு வைத்தே ஸ்கேன் செய்யுங்கள்.

ஆறாம் ஆண்டு வகுப்பில் 25 பிள்ளைகள். வகுப்பாசிரியருக்குப் பிரியாவிடையாக ஆல்பம் கொடுக்க ஆளுக்கு 3 வெள்ளி வசூலித்திருக்கிறோம். 75 வெள்ளிக்கு என்ன கிடைக்கும்?

செய்து வாங்காதீர்கள். 75 வெள்ளிக்கு வெறும் கெட்டித்தாள் ஆல்பம் ஒன்றும் பசையும் வண்ணத்தாளும் தாராளமாக வரும், மிச்சமும் இருக்கும். ஆளுக்கொரு பக்கம் கொடுத்துவிடுங்கள். எழுத்துப்பிழையோடு வரட்டும், திருத்தாதீர்கள்.

மகளின் மஞ்சள் நீராட்டு விழா சனிக்கிழமை. ஆல்பம் வந்தது விழா முடிந்து செவ்வாய்க்கிழமை. பெயரிலும் ஓர் எழுத்து தப்பு. விலை 200, முன்பணம் 100 கட்டிவிட்டேன். மீதியைக் கேட்கிறார். ‘சொல்லிச் செய்த பொருளுக்குப் பணம் திரும்பக் கிடையாது’ என்று முதலிலேயே எழுதியிருந்தாராம்.

முதலில் உங்கள் புலனச் செய்தியைத் திரும்பப் பாருங்கள். பெயரை நீங்கள் எப்படி எழுதி அனுப்பினீர்கள்? தப்பு அங்கேயே இருந்தால் எழுத்து விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

சரியாகத்தான் அனுப்பியிருந்தீர்கள் என்றால் உங்கள் பக்கம் வலு இருக்கிறது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் சொன்ன விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும். ‘பணம் திரும்பக் கிடையாது’ என்று எழுதிவைத்து அந்தப் பொறுப்பிலிருந்து யாரும் நழுவ முடியாது. அந்த வரி எடுபடுவது உங்கள் மனம் மாறியபோதுதான். விழா தேதியைச் சொல்லி, அவரும் சம்மதித்து எழுதியிருந்தால் தாமதமும் அவர் பொறுப்பே.

போனில் சண்டை வேண்டாம். எழுத்திலேயே கேளுங்கள்: பெயர்ப் பக்கத்தை மாற்றித் தரவேண்டும், தாமதத்துக்காக விலையைக் குறைக்கவேண்டும் என்று. நூறு கேட்கும் இடத்தில் ஐம்பதோடு முடிந்தால் முடித்துக்கொள்வேன் நான். மசியவில்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது, மலாயில் திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா. கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போகவேண்டும்.

ஆனால் அங்கே போனால் எதிராளியின் முழுப்பெயரும் முகவரியும் கேட்பார்கள். ‘லவ்லி கிராஃப்ட்ஸ்’ மாதிரி ஒரு பக்கப் பெயரை வைத்துக்கொண்டு யாருக்கு நோட்டீஸ் அனுப்புவது? இணையத்தில் விற்பவர் தன் பெயரையும் தொடர்பு விவரத்தையும் காட்டவேண்டும் என்பது விதி. முன்பணம் போடும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். முன்பின் தெரியாதவர் என்றால் வங்கிக் கணக்கு எண்ணை, மோசடிப் புகார் உள்ள கணக்கா என்று காட்டும் போலீசாரின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. பணம் போன பிறகு ஆளே காணோம் என்றால் காத்திருக்காமல் உடனே மோசடிப் புகார் எண் 997க்கு அழையுங்கள்.

ஆல்பத்தை ராமபாணப் பூச்சி அரிக்கிறது. பூச்சி உருண்டை போடலாமா?

வேண்டாம், அந்த நெடி படத்துக்கு ஆகாது. சோற்றுப்பசை, மாவுப்பசை போட்ட ஆல்பத்தைத்தான் பூச்சி தேடி வரும், ஆர்டர் கொடுக்கும்போதே என்ன பசை என்று கேளுங்கள். இப்போதைக்கு, சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்கள் இரண்டைப் போட்டு, இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். ஈரம் ஏறும் சுவரோரம் வேண்டாம். மழைக்காலம் முடிந்ததும் வெளியே எடுத்து, நிழலில் விரித்து, ஒவ்வொரு பக்கமாகத் தட்டிவிடுங்கள்.