வனவிலங்கு மேலாண்மைப் பகுதி என்று பலகை வைத்துவிட்டு அமெரிக்காவில் அங்கேயே வேட்டையாட விடுகிறார்களே, இது என்ன நியாயம்?

பலகையைப் பார்த்துச் சரணாலயம் என்று நினைத்திருப்பீர்கள். நானும் நியூஜெர்சிக்குக் குடிவந்த புதிதில் அசன்பிங்க் பகுதியை நம்ம வேடந்தாங்கல் மாதிரி என்றுதான் நம்பினேன். 6,000 ஏக்கருக்கு மேல் ஏரி, புதர்வேலி, வயல்வெளி என்று கிடக்கும்.

ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவை ஒரு நவம்பர் சனிக்கிழமை காலையில் கூட்டிப்போனேன். பழுப்புச் சால்வை, அதே நிறத்தில் குரங்குக் குல்லா. கால் மணி நேரம் நடந்திருப்போம், புதருக்கு அந்தப் பக்கம் 'டமார்'. அப்பா அப்படியே குத்தவைத்துவிட்டார். நாயோடு வெளியே வந்த வெள்ளைக்காரப் பெரியவர் எங்களைவிடப் பதறிப்போயிருந்தார். திட்டவில்லை. பையிலிருந்து ஆரஞ்சுத் தொப்பி ஒன்றை எடுத்து அப்பா தலையில் மாட்டிவிட்டார். அவர் இடுப்பில் ஒரு ஃபெசன்ட் கோழி தொங்கியது. "மயிலுக்குப் பங்காளி மாதிரி இருக்குடா, நம்ம ஊர்ல சுட்டா ஜெயிலு" என்றார் அப்பா.

பங்காளிதான், ஒரே குடும்பப் பறவை. ஆனால் இது காட்டில் பிறந்ததல்ல. அரசே பண்ணையில் வளர்த்து, சீசனில் கொண்டுவந்து விடுகிறது. சுட உரிமம் வேண்டும், ஃபெசன்டுக்குத் தனி ஸ்டாம்ப், அதாவது கூடுதல் அனுமதிச் சீட்டு, வேண்டும். துப்பாக்கியோடு ஃபெசன்டுக்கோ மானுக்கோ போகிறவர், மனிதர் என்று தூரத்திலேயே தெரிய, ஆரஞ்சு அணிந்தே ஆகவேண்டும். வீடுகளிலிருந்து 450 அடிக்குள் தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு வேட்டைக்கு நிற்கக் கூடாது. மானுக்கு ஷாட்கன் உண்டு, வில் உண்டு, வெகுதூரம் தோட்டா பாயும் வழக்கமான ரைஃபிள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பொதுவாகத் துப்பாக்கிக்குத் தடை. அதனால் இப்போதெல்லாம் நான் ஞாயிறுதான் போகிறேன், அதுவும் ஆரஞ்சு அங்கியோடு. அன்றைக்கும் வில்லோடு மானுக்குக் காத்திருப்பவர்கள் இருப்பார்கள்.

நியாயமா என்று கேட்டீர்களே. 1937-இல் வந்த சட்டப்படி நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11% வரி. அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குப் போகிறது. நாம் ஓசியில் நடக்கும் புல்வெளியில் அவர்கள் காசும் இருக்கிறது. உடனே கருணைப் பாடம் எடுக்க வராதீர்கள், நான் முட்டைகூடத் தொடாதவன். சுடுவது எனக்கும் பிடிக்காது. ஆனால் வேலிபோட்டு அடைக்காமல் அத்தனை ஏக்கரைக் காடாகவே விட்டிருப்பது பிடிக்கிறது.

மான் பாவம் என்பவர்கள் ஒரு கோடை என் கொல்லையில் வந்து நில்லுங்கள். அவரை, பாகல், ஊரிலிருந்து கொண்டுவந்த விதையில் முளைத்த கொத்தவரை எல்லாம் ஒரே ராத்திரியில் மொட்டை. ஆறடி வலை கட்டினால் எங்கள் குடியிருப்புச் சங்கம் 'அழகு கெடுகிறது' என்று அபராதக் கடிதம் அனுப்புகிறது. எதிர்வீட்டுக்காரர் புல்தரையில் வருஷம் முழுக்க நிற்கும் பிளாஸ்டிக் மானுக்கு மட்டும் ஒரு கடிதமும் இல்லை.