'போர்' என்று சொன்னால் சிறை

கேள்வி: ரஷ்யாவில் 'போர்' என்ற சொல்லையே பயன்படுத்தக்கூடாது என்று தடுத்தார்களாமே? ஒரு சொல்லைத் தடுத்து என்ன ஆகிவிடப் போகிறது? (கரூர் வாசகர்)

உண்மைதான். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. அந்நாட்டு ஊடகக் கண்காணிப்பு அமைப்பான ரோஸ்கோம்நாட்சோர் உடனே பத்திரிகைகளுக்கு உத்தரவு போட்டது. அரசு தரும் தகவலை மட்டும்தான் எழுத வேண்டும், 'போர்', 'படையெடுப்பு', 'தாக்குதல்' என்று எழுதியிருந்தால் எடுத்துவிட வேண்டும். 'சிறப்பு ராணுவ நடவடிக்கை' என்பதுதான் அனுமதிக்கப்பட்ட பெயர். மார்ச் 4-ம் தேதி சட்டமே வந்துவிட்டது. ராணுவத்தைப் பற்றிப் 'பொய்ச் செய்தி' பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை, எது பொய் என்று சொல்லப்போவது அரசேதான். 2021-ல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கிய திமித்ரி முராத்தவ் ஆசிரியராக இருந்த நொவாயா கஸேட்டா, மார்ச் 28-ல் அச்சடிப்பதை நிறுத்திக்கொண்டது.

ஒரு சொல் போனால் என்ன என்கிறீர்கள். அலெக்சேய் கோரினவ் கதையைக் கேளுங்கள். மாஸ்கோவில் ஒரு வார்டு மன்ற உறுப்பினர், நம் ஊர் கவுன்சிலர் மாதிரி. மார்ச் 15 அன்று மன்றக் கூட்டம், குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி வைப்பது பற்றிப் பேச்சு. அங்கே உக்ரைனில் தினமும் குழந்தைகள் செத்துக்கொண்டிருக்கும்போது இங்கே நாம் ஓவியப் போட்டி நடத்துவதா என்று அவர் கேட்டார், நடப்பதைப் போர் என்றே சொன்னார். கூட்டம் வழக்கம்போல வீடியோவில் பதிவாகியிருந்தது, அதையே ஆதாரமாக்கி ஜூலையில் 7 ஆண்டு தண்டனை கொடுத்தார்கள். தீர்ப்பு நாளில் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றுகொண்டு, 'இந்தப் போர் உங்களுக்கு இன்னும் வேண்டுமா?' என்று கையால் எழுதிய ஒரு தாளை அவர் தூக்கிக் காட்டினார்.

போர் என்று சொன்னால் யார் தொடங்கினார்கள், எத்தனை பேர் செத்தார்கள், எப்போது முடியும் என்று அடுத்தடுத்துக் கேள்வி வரும். நடவடிக்கை என்றால் அது ஏதோ அலுவலக வேலை மாதிரி, கேட்க ஒன்றும் இருக்காது. சொல்லை எடுத்தால் அதோடு சேர்ந்து கேள்வியும் போய்விடுகிறது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மக்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'போர் வேண்டாம்' என்பதை ரஷ்ய மொழியில் எழுதினால் முதல் சொல்லுக்கு மூன்றெழுத்து, இரண்டாவதற்கு ஐந்து. அதனால் அட்டையில் மூன்று நட்சத்திரக் குறி, கொஞ்சம் இடம் விட்டு ஐந்து நட்சத்திரக் குறி போட்டுக்கொண்டு தெருவில் நின்றார்கள். போலீஸ் அவர்களையும் பிடித்தது, வெறும் வெள்ளைத் தாளோடு நின்றவர்களையும் பிடித்தது. அதே ஆண்டு டிசம்பர் 22-ம் தேதி நிருபர்களிடம் பேசும்போது புதினே 'போர்' என்ற சொல்லைச் சொன்னார். அவர் மீதும் வழக்குப் போடுங்கள் என்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கவுன்சிலர் ஒருவர் புகார் கொடுத்தார். கோரினவுக்கோ 2024-ல் இன்னொரு வழக்கில் மேலும் 3 ஆண்டு சேர்ந்தது.

கேள்வி: நம் நாடாளுமன்றத்திலும் சில சொற்களுக்குத் தடை என்றார்களே? (நாகர்கோவில் வாசகர்)

2022 ஜூலையில் மக்களவைச் செயலகம் ஒரு தொகுப்பு வெளியிட்டது. ஊழல் செய்பவர், நாடகம், துரோகம், திறமையற்றவர் என்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில் நாம் சாதாரணமாகச் சொல்லும் சொற்கள் அதில் இருந்தன. எந்தச் சொல்லுக்கும் தடை இல்லை, ஏற்கெனவே அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டவற்றைத்தான் தொகுத்தோம் என்றார் சபாநாயகர் ஓம் பிர்லா. சரி, அப்படியே இருக்கட்டும். ஆளுங்கட்சியைப் பார்த்து எதிர்க்கட்சிக்காரர் 'ஊழல்' என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்லி விவாதிப்பார்? வசைச் சொல்லை நீக்கட்டும், யாரும் கேட்கப்போவதில்லை. குற்றச்சாட்டைச் சொல்வதற்கான சொல்லை அந்த வரிசையில் சேர்க்கக்கூடாது.

கேள்வி: தமிழ்ப் பத்திரிகைகளுக்கு அப்படி யாரும் உத்தரவு போடுவதில்லையே, பிறகென்ன கவலை? (திருப்பூர் வாசகர்)

உத்தரவு போடாமலே நாம் செய்வதுதான் கவலை. தூத்துக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 மே 22, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் 100-வது நாள். போலீஸ் சுட்டு 13 பேர் இறந்தார்கள். செய்தியில் நாம் பழகிவைத்திருக்கும் வாக்கியம் என்ன? 'துப்பாக்கிச்சூட்டில் பலி'. சுட்டது யார் என்பதே அதில் இல்லை, துப்பாக்கி தானாக வெடித்த மாதிரி இருக்கிறது. தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதலாம், அது மொழியின் வசதி, ஆனால் அந்த வசதி இங்கே சுட்டவர்களுக்குத்தான் உதவுகிறது. அப்புறம் 'வன்முறைக் கும்பல்' என்று ஒரு சொல் விவாத மேடையில் விழுந்தால் போதும், செத்தவர்களின் குடும்பங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். சுடுவதற்கு அவசியமே இருக்கவில்லை, ஓடியவர்களையும் சுட்டிருக்கிறார்கள் என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை சொன்னது. அது சட்டமன்றத்துக்கு வந்தது 2022 அக்டோபரில்தான். நான்கு ஆண்டுக்கு மேல் அந்த அரைகுறை வாக்கியத்தோடுதான் ஊரே விவாதித்தது. பத்திரிகைக்காரனாக எனக்கு இதில் பொறுப்பு உண்டு, 'போலீஸ் சுட்டதில்' என்று எழுத ஒரு சொல்தான் கூடுதலாக வேண்டும்.

கேள்வி: வாயை அடைத்தால் எழுதுபவன் என்னதான் செய்வது? (காரைக்குடி வாசகர்)

நெருக்கடி நிலைக் காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 1976 ஜனவரி 31-ல் தி.மு.க. ஆட்சியைக் கலைத்தார்கள், கட்சிக்காரர்கள் விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கும் மிசா சட்டத்தில் கைதானார்கள். யார் கைதானார்கள் என்று பத்திரிகையில் போட முடியாது, தணிக்கை. மூன்றாவது நாள் பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். அண்ணா நினைவிடத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் யார் யார் என்று முரசொலி ஒரு நீண்ட பட்டியல் போட்டது. உள்ளே இருப்பது யார் என்று படித்தவர்களுக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.