கேபினெட்டுக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: வீடியோ எடிட்டிங் வேலைக்கு 80,000 ரூபாயில் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன். உறுப்புகளைப் பொருத்திக் கொடுக்கக் கடைக்காரர் தனியாக 2,500 ரூபாய் கேட்கிறார். தம்பியோ, நானே பொருத்திவிடுகிறேன் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது? (கோவை வாசகர்)

பதில்: எல்லாவற்றையும் மாட்டி முடித்து, சுவிட்சைப் போட்ட பிறகும் திரை கறுப்பாகவே இருந்தால் தம்பி என்ன செய்வார்? பழுது ரேமிலா, மதர்போர்டிலா, பிராசஸரிலா? கடைக்காரரிடம் மாற்றிப் போட்டுப் பார்க்க உதிரிகள் இருக்கின்றன. உங்கள் வீட்டில் இல்லை. அந்த 2,500 ரூபாய் இதற்குத்தான். திருப்புளி பிடிப்பதற்கு அல்ல. இந்த இயந்திரத்தை நம்பி அடுத்த வாரமே வேலை ஒப்புக்கொண்டிருந்தால் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

அவசரம் இல்லையென்றால் தம்பியிடம் கொடுங்கள். கற்றுக்கொள்ளும் பிள்ளையைத் தடுக்கக் கூடாது. ஒன்றை மட்டும் சொல்லி வையுங்கள். இன்டெல் மதர்போர்டுகளிலும், ஏஎம்டி கம்பெனியின் ஏஎம்5 வகை மதர்போர்டுகளிலும் மெல்லிய ஊசிகள், பிராசஸர் உட்காரும் சாக்கெட்டிலேயே இருக்கும். பிராசஸரை நேராக இறக்கி வைக்க வேண்டும்; அழுத்தக் கூடாது. வளைந்த ஊசிக்கு வாரண்டி கிடைக்காது. பிராசஸரைக் குளிர்விக்கும் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளையும் உரித்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: 'ஐ5 பிராசஸர், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ், கேபினெட்' என்று கொட்டேஷன் வந்திருக்கிறது. விலை குறைவு. வாங்கலாமா? (மதுரை வாசகர்)

பதில்: வாங்காதீர்கள். இது கொட்டேஷனே அல்ல. ஐ5 என்பது இன்டெல் பிராசஸர் வரிசை ஒன்றின் பெயர்; 2011-இல் வந்ததும் ஐ5தான், 2024-இல் வந்ததும் ஐ5தான். முழு மாடல் எண் எங்கே? அதைவிட என்னை உறுத்துவது அந்த எஸ்எம்பிஎஸ், அதாவது மின்சாரம் தரும் பெட்டி. கம்பெனி பெயர் இல்லை, மாடல் இல்லை. வாங்குபவர் பிராசஸரைப் பற்றி ஆயிரம் கேட்பார், இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார் என்று விற்பவருக்குத் தெரியும். லாபத்தை அங்கேதான் எடுக்கிறார்கள். மற்ற எல்லா உறுப்புகளுக்கும் மின்சாரம் போவது அந்தப் பெட்டி வழியாகத்தான். 2012-இல் நானும் 900 ரூபாய் மிச்சம் பிடிக்கப் பெயர் தெரியாத ஒன்றை வாங்கினேன். எட்டாவது மாதம், ஒரு மாலையில் 'பட்' என்று சத்தம். கருகிய நாற்றம் அறை முழுக்க. மதர்போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் அதோடு போயின. டிஸ்க்கில் என் மகளின் முதல் இரண்டு வருடப் புகைப்படங்கள் இருந்தன. கழற்றிக் கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பெட்டிக்கு எடையே இல்லை. 450 வாட்ஸ் என்பது ஸ்டிக்கரில் மட்டும்தான் இருந்தது. கம்பெனி, மாடல், மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான '80 பிளஸ்' சான்று, எத்தனை வருட வாரண்டி என்று நான்கையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தக் கடைப் படியை விட்டு இறங்கிவிடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் டிடிஆர்4 ரேம் வாங்கினேன். என் போர்டு டிடிஆர்5 என்கிறார்கள். அட்டையைப் பிரித்துவிட்டேன். கடைக்காரர் மீது வழக்குப் போடலாமா?

பதில்: எதற்கு? நீங்கள் கேட்டதைத்தானே அனுப்பினார்? டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டும் வேறு வேறு தலைமுறை ரேம்; அடியில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும்; எப்படியும் பொருந்தாது. போர்டின் பெட்டி மீதே எழுதியிருந்ததைப் படித்திருக்க வேண்டும்.

கேள்வி: மகனுக்காகக் கடையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கினேன். ஐந்தே மாதத்தில் கிராஃபிக்ஸ் கார்டு பழுது. சர்வீஸ் சென்டரில் சீரியல் எண்ணைப் பார்த்து, இது மூன்று வருடத்துக்கு முன்பே விற்ற கார்டு, வாரண்டி முடிந்துவிட்டது என்கிறார்கள். கடையில் கேட்டால், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். நகையை அடகு வைத்து வாங்கியது. (சேலம் வாசகி)

பதில்: அம்மா, உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை. பழைய பொருளைப் புதியது என்று விற்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் அச்சடித்த அந்த வரியைக் காட்டிக் கடைக்காரர் தப்பிக்க முடியாது. சர்வீஸ் சென்டர் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். கார்டின் சீரியல் எண் ஸ்டிக்கரைப் படம் எடுத்து வையுங்கள். பணத்தைத் திருப்பித் தர 15 நாள் கெடு வைத்துக் கடைக்கு ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. ஆனால் இந்த வாரமே தபாலை அனுப்புங்கள். பதில் வராவிட்டால் எனக்கு மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: 500 ரூபாய்க்கு விண்டோஸ் கீ விற்கிறார்களே?

பதில்: வாங்காதீர்கள்.

கேள்வி: ரிச்சி தெருவில் ஒரு கடையில், பில் வேண்டாம் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டியைக் கழித்துத் தருகிறேன் என்கிறார்கள். பெரிய தொகை மிச்சமாகுமே? (சென்னை வாசகர்)

பதில்: வேண்டாம். பில்லோடு, ஒவ்வொரு உறுப்பின் சீரியல் எண்ணையும் அதில் எழுதி வாங்குங்கள். சேலத்து அம்மாவின் கடிதத்தை இன்னொரு முறை படியுங்கள். இன்று அவர் கையில் மிஞ்சியிருப்பது அந்தப் பில் ஒன்றுதான்.