கதவோரம் நிற்பவரின் குரல் கேட்கிறது, முகம் ஏன் தெரிவதில்லை?

ஒலியும் அலை, ஒளியும் அலை. அப்படியிருக்க, திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் சுவரோரமாக மறைந்து நிற்பவரின் குரல் மட்டும் எப்படி வளைந்து வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். திறப்பையோ விளிம்பையோ கடக்கும் அலை வளைந்து விரிவதைச் சொல்லும் 'விளிம்பு விளைவு' பாடத்தைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவன் நான். பல வருடம் கழித்து இதே கேள்வி எனக்குள் எழுந்தபோதுதான் அந்தப் பாடம் உண்மையில் புரிந்தது.

விடை அலைநீளத்தில், அதாவது அலையின் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடுவரை உள்ள தூரத்தில் இருக்கிறது. வேகத்தை அதிர்வெண்ணால் (நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற எண், ஹெர்ட்ஸில் சொல்வார்கள்) வகுத்தால் அலைநீளம் வந்துவிடும். 20 டிகிரி செல்சியஸில் ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 200 ஹெர்ட்ஸ் குரல் என்றால் அலைநீளம் ஏறக்குறைய 1.7 மீட்டர். கதவின் அகலம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான். தன் அலைநீளத்தைவிடக் குறுகிய திறப்பில் நுழையும் அலை நேராகப் போகாது. அந்தத் திறப்பிலிருந்தே புதிதாகக் கிளம்பியதுபோல எல்லாப் பக்கமும் விரியும். (குரல் வருகிறது என்றால் அங்கிருக்கும் காற்றே நம்மிடம் வருவதில்லை. காற்று இருந்த இடத்தில் முன்னும் பின்னும் அசைகிறது, ஆற்றல்தான் பயணிக்கிறது.)

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 400 முதல் 700 நானோமீட்டர். கதவு அதைப்போலப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் அகலமானது. அதனால் ஒளி வளைவதே தெரியாமல் நேராகப் போய்விடுகிறது.

பக்கத்து அறையில் பாட்டு ஓடினால் கீழ்ச்சுருதி திம்திம்மென்று கேட்கும், கூர்மையான மேல்சத்தம் மங்கிவிடும். இதற்கு ஒரு காரணம் இதே கணக்குதான்: 5000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 7 சென்டிமீட்டர்கூட இல்லை.

சரி, விளிம்பு விளைவு மட்டுமே முழு விடையல்ல. சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியும் காதுக்கு வருகிறது. ஒளியும் சுவரில் பட்டு வரத்தான் செய்கிறது. ஆனால் சொரசொரப்பான சுவர் அதைக் கண்டபடி சிதறடித்துவிடுவதால் வெளிச்சம் மிஞ்சுகிறது, முகம் மிஞ்சுவதில்லை.

ஒளி வளைவதையும் நீங்களே பார்க்கலாம், எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. இரண்டு விரல்களை மயிரிழை இடைவெளி விட்டுக் கண்ணுக்கு அருகே பிடித்து, ஒரு விளக்கைப் பாருங்கள். சூரியனை மட்டும் வேண்டாம். இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால், விரல்கள் ஒட்டுவதற்குச் சற்று முன் நடுவில் மெல்லிய கறுப்புக் கோடுகள் தோன்றும்.