மகள் விட்டுவிட்டு வந்த 34 கேள்விகள்

அன்புள்ள அம்மா,

நீங்கள் அனுப்பிய நீட் மாதிரித் தேர்வுத் தாளை நிதானமாகப் பார்த்தேன். 180 கேள்விகளில் 34-ஐ உங்கள் மகள் தொடவே இல்லை. "தெரியாததைக் குறிக்காதே, மைனஸ் போய்விடும்" என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி வந்த பயம் அது. ஆனால் அந்த 34-இல் இருபது கேள்விகளில், கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் இரண்டைத் தவறு என்று பென்சிலால் அடித்து வைத்திருக்கிறாள். பாதிக் கிணறு தாண்டிவிட்டு நின்றிருக்கிறாள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறுக்கு 1 குறையும். ஒன்றும் தெரியாமல் நான்கு கேள்விகளுக்குக் குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகும். 4 வந்து 3 போகும்; மிஞ்சுவது 1. இரண்டு விடைகளைச் சரியாக நீக்கிவிட்டால் இரண்டு கேள்விக்கு ஒன்று சரியாகும். 4 வந்து 1 போகும், மிஞ்சுவது 3. அப்படியானால் அந்த இருபது கேள்விகளில் அவள் எதிர்பார்த்திருக்கக் கூடியது 30 மதிப்பெண்! தரவரிசையில் 30 மதிப்பெண் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும்.

சராசரி எல்லோருக்கும் அப்படியே வந்துவிடாது என்பதும் உண்மை. இருபது கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், நூறு பேரில் ஏறத்தாழ 22 பேருக்குக் கையில் இருக்கும் மதிப்பெண்ணும் குறையும். அப்படிக் குறிக்கும்படி நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். இரண்டை நீக்கிய பிறகு குறித்தால், அப்படி இழப்பவர் ஆயிரத்தில் ஒருவர் அளவுதான்.

ஒன்றே ஒன்று: அவள் அடித்த இரண்டில் சரியான விடையே போயிருந்தால் கணக்கு கவிழும். அதனால் அடுத்த இரண்டு மாதிரித் தேர்வுகளில் இப்படிப்பட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை குறிக்கட்டும். பக்கத்தில் சிறு வட்டம் போடட்டும். பிறகு வட்டமிட்டவற்றை மட்டும் தனியாகத் திருத்துங்கள். ஐந்தில் ஒன்று சரியானால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. நாற்பதில் எட்டைத் தாண்டவில்லை என்றால் விட்டுவிடுவதே நல்லது. பதினைந்து, இருபது என்று வந்தால் தயங்காமல் குறிக்கலாம். உயிரியலுக்கும் இயற்பியலுக்கும் தனித்தனியாக எண்ணுங்கள், இரண்டிலும் அவளுடைய கணிப்பு ஒரே மாதிரி இருக்காது.

மூத்தவன் எழுதப்போகும் குரூப் 4 தேர்வுக்கு இந்தக் கவலையே வேண்டாம். அங்கே தவறான விடைக்கு மதிப்பெண் குறைவதில்லை.

வட்டமிட்ட தாள்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு அவளையும் அழைத்து வாருங்கள்.