இரத்தா, நிறுத்தலா, வாபஸா?

தம்பி, அக்கரைப்பற்று வயற்காணியைப் பார்க்கச் சொல்லி மச்சானுக்குக் கொடுத்த அற்றோணித் தத்துவத்தை, அதாவது உங்களுக்குப் பதிலாகச் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தை, முடிக்கப் போகிறீர்கள். கடிதத்தில் 'நிறுத்துகிறேன்' என்று எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நிறுத்தினது நாளைக்குத் திரும்பத் தொடங்கலாம். 'இடைநிறுத்தம்' என்றாலும் அதே கதைதான், தற்காலிகம். உங்களுக்கு வேண்டிய சொல் 'இரத்துச் செய்கிறேன்'.

'வாபஸ்' என்பது கொடுத்த மனுவை, சொன்ன பேச்சைத் திருப்பி எடுப்பதற்குச் சரி. செல்லுபடியாக இருக்கிற ஒரு பத்திரத்தின் வலுவை எடுப்பதற்கு அது பொருந்தாது.

ரத்து அரபியிலிருந்து வந்த சொல். ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் நம் அரச கடிதங்களில் முன்னால் ஓர் இகரம் ஏறி 'இரத்து' ஆனது. செய் சேரும்போது நடுவில் 'ச்' போடுங்கள். அதை விட்டுவிட்டு எழுதுகிறவர்கள்தான் அதிகம். இன்னொன்று: 'இரத்தாகிறது' என்று எழுதினால் யார் செய்தது என்றே தெரியாது. உதயதேவி ரயில் இன்றைக்கு ரத்தாகிவிட்டது என்று ஸ்டேஷனில் சொல்ல அது போதும். பத்திரத்தில் 'நான் இத்தால் இரத்துச் செய்கிறேன்' என்று உங்கள் பெயரில் வரவேண்டும். பத்திரத்தின் இலக்கமும் திகதியும் கூடவே இருக்கட்டும்.

சொல் சரியாக இருந்தாலும் கடிதத்தோடு வேலை முடியாது. பத்திரம் பதிவானது என்றால் இரத்தையும் அதே இடத்தில் பதிவித்து, மச்சானுக்கும் எழுத்தில் அறிவியுங்கள். வாசகத்தை ஒரு நொத்தாரிசிடம் காட்டிவிட்டே கையெழுத்து வையுங்கள்.