ரேவ் இரவுகளும் ஒரு குவளைத் தண்ணீரும்

"1990-களில் பிரிட்டனின் ரேவ் நடன இரவுகளில் எக்ஸ்டசி என்னும் போதை மாத்திரை எடுத்த இளைஞர்கள் இறந்தது தண்ணீர் குடிக்காததாலா, அளவுக்கு மீறிக் குடித்ததாலா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு விதமாகவும் இறந்தார்கள். தொடக்க ஆண்டுகளின் மரணங்களில் முதன்மைக் காரணம் உடல் சூடு. அந்தச் சூட்டுக்கு மருந்தாகச் சொல்லப்பட்ட தண்ணீரே, அளவு சொல்லாமல் சொல்லப்பட்டதால், பிறகு சிலருக்கு எமனாயிற்று.

நான் 1992-இல் நெசவுத் தொழில்நுட்பம் படிக்கக் கோயம்புத்தூரிலிருந்து மான்செஸ்டருக்குப் போனவன். சனிக்கிழமை இரவுகளில் நகர மையத்தில் ஒரு நடனக் கூடத்தில் காலிக் கோப்பைகளைச் சேகரிக்கும் வேலை கிடைத்தது. பத்து மணிக்கு மேல் மேலாளர் என்னிடம் ஒரு ஸ்பேனரைக் கொடுத்து, கழிப்பறைக் குளிர்நீர்க் குழாயின் வால்வை மூடிவிட்டு வரச் சொல்வார். கைகழுவும் தொட்டிக்கு அடியில் மண்டியிட்டு அதை மூடினால் மேலே வெந்நீர் மட்டும்தான் வரும். வியர்வை சொட்டச் சொட்ட வரும் பையன்கள் ஒரு குழாயைத் திருகிப் பார்ப்பார்கள், அடுத்ததைத் திருகுவார்கள், பிறகு வெளியே போய் ஒரு பவுண்டுக்கு மேல் கொடுத்துத் தண்ணீர் பாட்டில் வாங்குவார்கள். காசு தீர்ந்தவர்கள் தாகத்தோடு மறுபடியும் ஆடப் போய்விடுவார்கள். கூலிக்காக அதைச் செய்தேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

இப்படிச் செய்ததற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. 1988, 89 ஆகிய ஆண்டுகளில் லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலையை ஒட்டிய வயல்களிலும் கைவிடப்பட்ட கிடங்குகளிலும் ஆயிரக்கணக்கானோர் விடிய விடிய ஆடினார்கள். உரிமம் பெறாத கேளிக்கைக்கு 20,000 பவுண்டு வரை அபராதமும் ஆறு மாதச் சிறையும் விதிக்க வழி செய்த 1990-ஆம் ஆண்டுச் சட்டம், அந்தக் கூட்டத்தில் பெரும் பகுதியை உரிமம் பெற்ற கூடங்களுக்குள் தள்ளியது. அக்கூடங்களோ மது விற்பனையை நம்பிப் பிழைத்தவை. எக்ஸ்டசி எடுத்தவர்கள் மதுவை அதிகம் தொடுவதில்லை. இழந்த வருமானத்தைச் சில உரிமையாளர்கள் தண்ணீரில் ஈடுகட்டினார்கள்.

உயிரைப் பறித்த அந்த உடல் சூடு எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ள இசையையும் கவனிக்க வேண்டும். சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் கறுப்பின இளைஞர்கள் 1980-களில் ட்ரம் மெஷின்களைக் கொண்டு உருவாக்கிய ஹவுஸ், டெக்னோ இசையில் நிமிடத்துக்கு 120, 130 தாளம் விழும். 1990-களில் வந்த ஹார்ட்கோர் என்னும் வேகமான வகையில் அது 150-ஐத் தாண்டியது. நம் ஊர்க் கச்சேரியில் ஒரு உருப்படி முடிந்தால் கைதட்டி மூச்சு வாங்க இடமுண்டு. ஆனால் டிஜே ஒரு இசைத்தட்டின் முடிவை அடுத்த இசைத்தட்டின் தொடக்கத்தோடு தாளம் பிசகாமல் இணைத்துவிடுவதால் அந்த இரவுகளில் நிறுத்தமே இல்லை. நான் அந்த இசையை விரும்பினேன். முன்பின் தெரியாத ஐந்நூறு பேர் ஒரே தாளத்தில் கை உயர்த்துவதைப் பார்த்தவர்கள் அதை எளிதில் மறக்க மாட்டார்கள். அந்த நெரிசலில் எக்ஸ்டசி மாத்திரையில் உள்ள எம்டிஎம்ஏ என்னும் மருந்து மூளையில் செரட்டோனினைப் பெருக்கி, உடல் தன் வெப்பத்தைச் சீராக்கும் திறனைக் குலைத்து, களைப்பையும் மறக்கடித்தது. உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். இரத்தம் உறையும் முறை கெட்டு உள்ளுக்குள் கசியக்கூடும். லண்டனின் தேசிய நச்சியல் பிரிவைச் சேர்ந்த மருத்துவர்கள் 1992-இல் லான்செட் மருத்துவ இதழில் ஏழு மரணங்களை ஆராய்ந்து எழுதியபோது இந்த அறிகுறிகளையே விவரித்தார்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில் மான்செஸ்டரின் லைஃப்லைன் என்னும் போதைமருந்து உதவி அமைப்பும் நகராட்சியும் சேர்ந்து பாதுகாப்பான நடனத்துக்கான நெறிமுறைகளைக் கொண்டுவந்தன. குளிர்ந்த குடிநீர் இலவசமாகக் கிடைக்க வேண்டும், காற்றோட்டம் வேண்டும், நெரிசலுக்கு வரம்பு வேண்டும், ஆடுபவர்கள் உட்கார்ந்து உடலை ஆற்றிக்கொள்ள மெல்லிய இசையோடு ஓர் அறை வேண்டும் என்பன அவற்றின் சாரம். போதைமருந்தை ஆதரிப்பதாக எழுந்த வசையைத் தாங்கிக்கொண்டு அதைச் செய்தவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். எங்கள் கூடத்திலும் சில மாதங்களில் ஸ்பேனர் அலமாரிக்குப் போய்விட்டது.

பிறகு வந்தது 1995 நவம்பர். எசெக்ஸில் தன் 18-ஆவது பிறந்தநாளை வீட்டிலேயே கொண்டாடிய ஒரு பெண், ஒரு மாத்திரை எடுத்தபின் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ஏழு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் குடித்து, நினைவிழந்து, சில நாட்களில் இறந்துபோனாள். நஞ்சு கலந்த மாத்திரை என்ற பேச்சு முதலில் பரவியது. ஆனால் மாத்திரையில் கலப்படம் இல்லை. எம்டிஎம்ஏ, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனைத் தூண்டிவிடுவதால் குடித்த நீர் வெளியேறாமல் உடலிலேயே தங்குகிறது. இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்குகிறது. இரவெல்லாம் ஆடி வியர்வையில் நீரை இழந்தவருக்கு உதவக்கூடிய தண்ணீர், ஆடாமல் உட்கார்ந்திருப்பவருக்கு இப்படி ஆபத்தாகிறது.

மாத்திரையைச் சோதித்துப் பார்த்தால் போதும் என்று நம்புபவர்களுக்கும் இதையே சொல்வேன். நெதர்லாந்தில் 1992 முதல் அரசின் ஆதரவோடு மாத்திரைகளை ஆய்வுக்குப் பெற்று, ஆபத்தானவை தென்பட்டால் எச்சரித்தார்கள். அது நல்ல பணி. ஆனால் நடன இடங்களில் பயன்பட்ட மார்க்கிஸ் என்னும் சோதனைத் திரவம் எம்டிஎம்ஏ பட்டால் கருஊதாவாக மாறுமே தவிர, எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று காட்டாது. எசெக்ஸ் பெண்ணின் மாத்திரையில் அதை விட்டிருந்தாலும் எச்சரிக்கை எதுவும் கிடைத்திருக்காது.

அதன்பின் அறிவுரை திருத்தமானது: ஆடும்போது மணிக்கு அரை லிட்டர், அதுவும் சிறு மடக்குகளாக, ஆடாதபோது அதில் பாதி, கூடவே கொஞ்சம் உப்புள்ள தின்பண்டம். ஒருவர் தலைவலி, வாந்தி, குழப்பம் என்றால் மேலும் தண்ணீர் புகட்டாமல் ஆம்புலன்ஸை அழைத்து, எடுத்தது என்னவென்று மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1994-இல் ஒரு பெண், எங்கள் கூடத்தில் உடலை ஆற்றிக்கொள்ள ஒதுக்கிய அறையின் மூலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்பு குழாயை அடைத்த குற்ற உணர்வில் நான் ஓடி ஓடிப் பெரிய கோப்பைகளில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான்கு கோப்பை குடித்தாள். வலி கூடுகிறது என்று மட்டும் சொன்னாள். ஐந்தாவதைக் கொண்டுவந்தபோது தோழிகள் அவளை டாக்ஸிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எசெக்ஸ் செய்தியை அடுத்த ஆண்டு படித்த அன்றைக்கு எனக்கு நினைவுக்கு வந்தது அந்த ஐந்தாவது கோப்பைதான்.